புதிதாகச் சேர்வோர் கவனத்திற்கு

ஜூன் 12, புதன்

இன்று முற்பகல், சூழல் அறிவியல் புலத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தேன். முற்பகல் என்ற சொல் முக்கியம். சேர்க்கைக் கடிதத்தில் முதலில் ‘பிற்பகல்’ என்றுதான் எழுதியிருந்தேன். எழுதி முடிப்பதற்குள் மணி பன்னிரண்டைத் தாண்டிவிடும் என்று ஒரு நேர்மை. வராந்தாவில் தண்ணீர் கேனோடு போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா எட்டிப் பார்த்தார்.

“சார், முற்பகல்னு திருத்துங்க. பிற்பகல்னா சீனியாரிட்டில ஒரு நாள் போயிரும். முப்பது வருஷம் கழிச்சு அந்த ஒரு நாளுக்காக அழுவீங்க.”

திருத்தினேன். இங்கே கடைநிலை ஊழியருக்கும் விதிமுறை தெரிந்திருக்கிறது. நல்ல அறிகுறி. “குடிக்கத் தண்ணி கிடைக்குமாம்மா?” என்று கேட்டேன். கேனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, “இது வேண்டாம் சார்” என்று சொல்லிப் போய்விட்டார். கொஞ்சம் சிடுசிடுப்பு.

அலுவலகக் கண்காணிப்பாளர் இசக்கியம்மாள் சான்றிதழ் நகல்கள் நான்கு தொகுப்பு கேட்டார். என்னிடம் மூன்றுதான் இருந்தன.

“நாலாவது எதுக்குங்க?”

“தொலைக்கதுக்கு சார்.”

புலத் தலைவர் பேராசிரியர் பிரம்மநாயகம் கை குலுக்கினார். ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன அவருக்கு. நான் தைவானில் மூன்று வருடம் ஆராய்ச்சி செய்தவன் என்பதில் அவருக்குப் பெருமை. “அங்க என்ன சாப்பிட்டீங்க?” என்றார். நேர்காணலிலும் இதைத்தான் கேட்டார்.

அறை எண் 14 எனக்கு. யாரோ அவசரமாகக் காலி செய்திருக்கிறார்கள். சுவரில் ஆணியும், நாட்காட்டி தொங்கிய இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரமும். மேசை இழுப்பறையில் சேஃப்டி பின், பேண்ட் எய்டு, சாக்பீஸ். முன்பு இருந்தவர் யாரென்று விசாரித்து நன்றி சொல்ல வேண்டும்.

ஜூன் 13, வியாழன்

கேஸ் இணைப்புக்கு முகவரிச் சான்று வேண்டும். முகவரிச் சான்றுக்கு கேஸ் ரசீது போதுமாம்.

ஜூன் 14, வெள்ளி

முதல் பொறுப்பு வந்துவிட்டது. பிரம்மநாயகம் அழைத்து உட்காரச் சொன்னார்.

“அறவாழி, செப்டம்பர்ல தர மதிப்பீட்டுக் குழு வருது. புதுசா சேருத ஆசிரியர்களுக்கு வழிகாட்டிக் கையேடு இருக்கான்னு ஒரு கேள்வி. இருக்குன்னு போன வருஷமே எழுதி அனுப்பிட்டோம்.”

“எங்க சார் இருக்கு? படிச்சுப் பாக்கறேன்.”

“இனிமேதான் இருக்கணும். நீங்கதான் எழுதப் போறீங்க. புதுசா வந்தவனுக்கு என்ன தெரியாதுன்னு புதுசா வந்தவனுக்குத்தான் தெரியும்.”

இதில் ஒரு தர்க்கம் இருப்பதுபோல்தான் இருந்தது. வேலூருக்குப் போன் செய்து மனைவி பூங்கோதையிடம் சொன்னேன். சேர்ந்த மூன்றாம் நாளே நூல் எழுதும் பொறுப்பு. “அதாவது, ஒண்ணும் தெரியாதவங்க யாருன்னு தேடி உன்னைப் பிடிச்சிருக்காங்க” என்றாள். வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு எல்லாவற்றையும் கழித்துப் பார்க்கும் பழக்கம்.

முதல் அத்தியாயம் இன்றே எழுதிவிட்டேன்: ‘நம் புலத்தின் தொலைநோக்கு.’

ஜூன் 18, செவ்வாய்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. தண்ணீர் கேன் அம்மா கடைநிலை ஊழியர் அல்ல. பெயர் முனைவர் ஜெசிந்தா. கௌரவ விரிவுரையாளர். பதினோரு வருடமாக இங்கே நீர்ப் பரிசோதனை ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறார். அன்று அந்தக் கேனில் இருந்தது யாரோ ஒரு விவசாயி கொண்டுவந்த கிணற்றுத் தண்ணீர்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். ஆய்வகத்தின் மூலையில், அமில அலமாரிக்கும் கழுவுதொட்டிக்கும் நடுவே சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மேசையில் நாட்காட்டி ஒன்று சாய்த்து வைத்திருந்தது. மாட்ட ஆணி இல்லை போலிருக்கிறது.

“அதுக்கென்ன சார். கொடுத்திருப்பேன். ஃபுளோரைடு ரெண்டரை இருந்துது. சேந்த அன்னைக்கே உங்க பல்லைக் கெடுத்தேன்னு பேரு வரப்பிடாதுல்லா.”

நல்ல மனுஷி. என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தாண்டியிருக்கலாம்.

ஜூன் 24, திங்கள்

முதுகலை முதலாண்டுக்கு முதல் செய்முறை வகுப்பு. மோசம். நாற்பத்திரண்டு பேர். இரண்டரைக்கு ஆரம்பித்தேன். மூன்று ஐம்பதுக்கு, கரைந்த ஆக்சிஜன் கணக்கின் நடுவில், பதினெட்டுப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். “உக்காருங்க” என்றேன். உட்கார்ந்தார்கள். நாலு மணிக்கு மறுபடி எழுந்தார்கள். ஒழுக்கம் என்றால் என்ன என்று ஐந்து நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன். பேசி முடித்தபோது அந்தப் பதினெட்டுப் பேரும் இல்லை. வருகைப் பதிவேட்டில் அத்தனை பேருக்கும் வரவில்லை என்று சுழித்துவிட்டேன்.

தைவானில் யாரும் வகுப்பின் நடுவில் எழுந்ததே இல்லை.

ஜூன் 25, செவ்வாய்

ஜெசிந்தா மேடம் அறைக்கு வந்தார். கதவைத் தட்டிவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“சார், கடையம் போற பஸ்ஸு நாலு பத்துக்கு. அதை விட்டா அடுத்து ஆறரைக்குத்தான். கேட்லருந்து ஸ்டாப்புக்கு பத்து நிமிஷ நடை. மூணு அம்பதுக்கு விட்டாத்தான் பிள்ளைங்க போய்ச் சேரும்.”

“சொல்லியிருக்கலாமே அவங்க.”

“சொல்லுவாங்க சார், கொஞ்ச நாள் போகட்டும். இப்பதானே உங்களைப் பாக்குதாங்க.”

அரை மணி நேரம் முன்னால் ஆரம்பித்தால் மூன்று ஐம்பதுக்கு முடித்துவிடலாம் என்று கண்டுபிடித்தேன். சுழித்ததையெல்லாம் அடித்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டேன். பதினெட்டுக் கையெழுத்து. கையேட்டில் ஒரு குறிப்பு சேர்த்தேன்: ‘செய்முறை வகுப்பை 2.00 மணிக்குத் தொடங்கி 3.50க்கு முடிப்பது உகந்தது என அனுபவத்தில் அறியப்பட்டுள்ளது.’

பூங்கோதைக்குப் படித்துக் காட்டினேன்.

“யார் அனுபவத்துல?”

“பொதுவா.”

“ம்ம்” என்றாள். அந்த ‘ம்ம்’ வேலூரிலிருந்து இங்குவரை தெளிவாகக் கேட்டது.

ஜூலை 3, புதன்

கையேடு பதினோரு பக்கம் ஆகிவிட்டது. இன்று சேர்த்தவற்றில் சில:

வருகைப் பதிவேட்டில் கறுப்பு மை. நீல மை என்றால் இசக்கியம்மாள் திருப்பி அனுப்புவார். காரணம் கேட்க வேண்டாம், அவருக்கும் தெரியாது.

மதிப்பெண் பதிவேற்றும் இணையதளம் எட்டு நிமிடத்தில் தானாக மூடிக்கொள்ளும். பத்துப் பேருக்கு ஒரு முறை சேமிக்கவும்.

முதல் வகுப்பில் ஆங்கிலத்திலேயே முழுவதும் பேசினால் பாதிப் பேர் தலையாட்டுவார்கள். தலையாட்டுவது புரிந்ததன் அடையாளம் அல்ல. கலைச்சொல்லைத் தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை சொல்லி, கரும்பலகையில் இரண்டையும் எழுதவும்.

மாணவி ஒருத்தி மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால், நான்காம் நாள் வகுப்பில் வைத்து ஏன் என்று கேட்க வேண்டாம். தனியாகக் கேட்கவும்.

கடைசிக் குறிப்பை ஜெசிந்தா மேடம் சொல்லும்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். விவரம் கேட்கவில்லை.

தேநீர் குடிக்கும்போது சொன்னார்: “இன்டர்வியூ அன்னைக்கு நீங்க ஒரு நீலச் சட்டை போட்டிருந்தீங்க. கையில காப்பி கொட்டிட்டு.” உண்மைதான். கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தபோது பெஞ்சில் பக்கத்தில் இருந்த யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். அன்றைய ஏற்பாடுகளை இவர்தான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஜூலை 8, திங்கள்

கேஸ் வந்துவிட்டது. முதல் சமையல்: ரசம். பாத்திரத்தில் கொஞ்சம், அடுப்பில் நிறைய.

ஜூலை 15, திங்கள்

கையேட்டில் ‘தேர்வு முறை’ என்று ஒரு பகுதி இருந்தால் நன்றாயிருக்கும் என்று பிரம்மநாயகம் சொன்னார். இசக்கியம்மாள் என் நியமனக் கோப்பையே எடுத்துக் கொடுத்தார். நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்கள் பட்டியல், பன்னிரண்டு பேர். ஏழாவது நான். எட்டாவது முனைவர் ம. ஜெசிந்தா. கடைசித் தாளில் தேர்வானவர் பெயர். அதன் கீழே, காத்திருப்போர் பட்டியல், ஒரே ஒரு பெயர்.

கோப்பைத் திருப்பிக் கொடுத்தேன். “கிடைச்சுதா சார் தேடினது?” என்றார் இசக்கியம்மாள்.

வீட்டுக்கு வந்து அடுப்பைத் தேய்த்துக் கழுவினேன். ரசக்கறை போகவே மாட்டேன் என்கிறது.

ஜூலை 16, செவ்வாய்

‘தேர்வு முறை’ பகுதி தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

அறை 14இல் இரண்டாவது மேசை போட இடம் இருக்கிறது. கிடங்கிலிருந்து ஒன்றைத் தூசி தட்டி எடுத்துவரச் செய்தேன். ஜெசிந்தா மேடத்திடம் போய், “ஒரே ஆளுக்கு அந்த அறை ரொம்பப் பெருசு மேடம். எதிரொலிக்குது” என்றேன்.

குடுவை ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோப்பைப் பாத்துட்டீங்களாக்கும்.”

“ஆமா.”

“பாவம் சார் நீங்க. மூஞ்சி ஏன் இப்படி ஆகுது? நீங்க நல்லாத்தான் பதில் சொல்லியிருப்பீங்க. நான் ரெண்டு கேள்விக்குத் திணறினேன். வெளிநாட்டு ஆய்விதழ்ல எத்தனை கட்டுரைன்னு கேட்டாங்க. தண்ணிப் பாட்டிலைத் தூக்கிட்டு வந்தவங்களுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கை நாலாயிரம் இருக்கும், அது கணக்குல சேராதான்னு கேட்டேன். சிரிச்சாங்க.”

“நேத்து வரைக்கும் சொல்லவே இல்லையே.”

“என்னன்னு சொல்ல? வாங்க சார், நான்தான் உங்ககிட்ட தோத்தவள்னா?”

மதியம் மேசைக்கு வந்துவிட்டார். நாட்காட்டியைப் பழைய ஆணியில் மாட்டினார். வெள்ளைச் சதுரத்தில் சரியாகப் பொருந்தியது. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 22, திங்கள்

இசக்கியம்மாள் பணிச்சுமை அறிக்கைப் படிவத்தைக் கொண்டுவந்தார். நீரியல் பாடங்களுக்கு வாரம் எத்தனை மணி நேரம், யார் எடுப்பது என்று நிரப்ப வேண்டும். போன வருடப் பிரதியையும் வைத்தார். வாரம் பதினாறு மணி நேரம்.

“நீங்க ஒருத்தரே பதினாறையும் எடுத்துக்கிடுவீங்க. அதனால ஜெசிந்தாம்மா உத்தரவு ஆகஸ்ட் முப்பத்தொண்ணோட முடியுது. நீட்டிக்க மாட்டாவ.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

“நீங்க சேந்த அன்னைக்கே தெரியும் சார்.”

படிவத்தை இழுப்பறையில் வைத்தேன். நாளை நிரப்புகிறேன்.

ஜூலை 23, செவ்வாய்

நாளை.

ஜூலை 29, திங்கள்

கையேடு இருபத்து மூன்று பக்கம். பிரம்மநாயகம் புரட்டிப் பார்த்து, “ஒன்றரை மாசத்துல இவ்வளவு தெரிஞ்சுக்கிட்டீங்களே” என்று மெச்சினார். எதிர் மேசையில் ஜெசிந்தா மேடம் விடைத்தாளில் இருந்து தலையைத் தூக்கவே இல்லை. ஆனால் தோள் குலுங்கியது போலிருந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஜெசிந்தா மேடம் விடுப்பு. வெளியூரில் வேலையாம். செய்முறை வகுப்பில் நான் தனியாள். நாற்பத்திரண்டு பேர், நிற்கக்கூடிய இடம் இருபத்து நாலு பேருக்கு. இடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டே முக்காலுக்குப் பின்வரிசையில் யாரோ யார் முழங்கையையோ தட்ட, முத்துச்செல்வி என்ற மாணவியின் மணிக்கட்டில் அடர் கந்தக அமிலம் தெறித்துவிட்டது.

நான் என்ன செய்தேன் என்று உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், முதலுதவிப் பெட்டியைத் தேடினேன். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இருபத்து மூன்று பக்கக் கையேட்டை எழுதியவன், ஒவ்வோர் அலமாரியாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணே கழுவுதொட்டிக்கு ஓடிக் குழாயைத் திறந்து கையை நீட்டிக்கொண்டாள். பக்கத்தில் ஒருத்தி கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் எண்ணினாள். இன்னொருத்தி கதவின் பின்னாலிருந்து பெட்டியை எடுத்து வந்தாள்.

“பதினஞ்சு நிமிஷம் ஓடுத தண்ணியில வைக்கணும் சார். மேடம் முத நாளே சொல்லித் தந்திருக்காங்க” என்றாள் முத்துச்செல்வி. கையை எடுக்கவில்லை.

மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். சிறிய காயம்தான், தழும்பு நிற்காது என்றார் மருத்துவர். அவளுடைய அப்பா வந்தார். பீடிக் கடை வைத்திருக்கிறாராம். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “நீங்க பதறாதீங்க சார்” என்று எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 7, புதன்

ஜெசிந்தா மேடத்திடம் கேட்டேன்.

“நாற்பத்திரண்டு பேரை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷம் எப்படி நடத்தினீங்க?”

“யாரு நடத்தினா? ரெண்டு அணியாப் பிரிச்சுருவேன். ஒண்ணு திங்கள், இன்னொண்ணு வியாழன். இந்த வருஷம் டைம் டேபிள் உங்க பேர்ல வந்துட்டு, நான் தலையிடல.”

“ஆனா படிவத்துல ஒரு அணின்னுதான இருக்கு.”

“ரெண்டுன்னு எழுதினா மணி நேரம் கூடும். கூடினா ஆள் கேட்ட மாதிரி ஆகும். ஆள் கேட்டா மேல கேள்வி வரும். அதான் ஒண்ணுன்னு எழுதிட்டு ரெண்டா எடுத்துட்டு இருந்தேன். தியரி ட்யூட்டோரியலும் அப்படித்தான்.”

அவர் போன பிறகு காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன். உண்மையான பணி வாரம் இருபத்தெட்டு மணி நேரம். பல்கலைக்கழக விதியையும் எடுத்துப் பார்த்தேன்: செய்முறை அணி ஒன்றுக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் கூடாது. பன்னிரண்டு மணி நேரம் எந்தத் தாளிலும் இல்லாமல் இத்தனை வருடம் நடந்திருக்கிறது.

பூங்கோதையிடம் சொன்னேன். முதல் முறையாகக் கேலி செய்யவில்லை. “படிவத்துல உன் கையெழுத்துதான வேணும்?” என்று மட்டும் கேட்டாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

படிவத்தில் இரண்டு அணி என்று நிரப்பி, 28 மணி நேரம் என்று எழுதி, விதியின் நகலை இணைத்து எடுத்துப் போனேன். பிரம்மநாயகம் கண்ணாடியைக் கழற்றினார்.

“அறவாழி, நீங்க தகுதிகாண் பருவத்துல இருக்கீங்க.”

“ஆமா சார்.”

“ரெண்டு வருஷம் முடிஞ்சதும் உங்களைப் பத்தி அறிக்கை எழுதப் போறது யாரு?”

“நீங்கதான் சார்.”

“இதுல நான் கையெழுத்துப் போட்டா, இத்தனை வருஷமா தப்பா அனுப்பிட்டு இருந்தேன்னு நானே சொல்லுத மாதிரிலா?”

தயார் செய்து வைத்திருந்த, நீதி பற்றிய இரண்டு வாக்கியங்களும் மறந்துபோயின. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“செப்டம்பர்ல குழு வரும்போது, லேப்ல நாற்பத்திரண்டு பேரும் ஒண்ணா நிப்பாங்க சார். அமிலத்தோட.”

கண்ணாடியை மறுபடி மாட்டினார். ஜன்னலைப் பார்த்தார்.

“தைவான்ல ஒரு அணிக்கு எத்தனை பேரு?”

“பன்னெண்டு சார்.”

“உலகத் தரத்தை நோக்கின்னு ஒரு வரி சேத்துக்கிடுங்க.” கையெழுத்துப் போட்டுவிட்டார். பேனாவை மூடும்போது, “அந்தப் பிள்ளை கை எப்படி இருக்கு?” என்று கேட்டார். இத்தனை நாள் இவரைச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேட்பவர் என்று நினைத்திருந்தேன்.

ஜெசிந்தா மேடத்திடம் சொல்லவில்லை. உத்தரவு வந்த பிறகு சொல்லி ஆச்சரியப்படுத்தலாம்.

ஆகஸ்ட் 21, புதன்

உத்தரவு வரவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

உத்தரவு வரவில்லை. நாளை சனி என்பதால் இன்றே ஜெசிந்தா மேடத்துக்குக் கடைசி நாள்.

பிரிவு உபசாரம் எதுவும் கிடையாது. கௌரவ விரிவுரையாளருக்குப் பணியில் சேர்வது என்றே ஒன்று இல்லாததால் விடைபெறுவதும் இல்லையாம், இசக்கியம்மாள் விளக்கினார். விளக்கிவிட்டு அவரே ஒரு பொட்டலம் அல்வா வாங்கி வந்து வைத்தார்.

ஜெசிந்தா மேடம் சாவிக்கொத்தை என் மேசையில் பிரித்து வைத்துப் பாடம் எடுத்தார். “இது அமில அலமாரி. இது ஓவன். இது எதுக்குன்னு எனக்கே தெரியாது, ஆனா தூரப் போட்டுராதீங்க.”

“உங்க அடுத்த திட்டம் என்ன மேடம்?”

“நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி டீச்சர். அன்னைக்கு லீவு போட்டேன்ல, அதுக்குத்தான். திங்கக்கிழமை சேரச் சொல்லியிருக்காங்க.”

அல்வாப் பொட்டலத்தை மடித்து வைத்தேன். படிவத்தைப் பற்றி இப்போது சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே பேருந்து நிறுத்தம் வரை பையைத் தூக்கி வந்தேன். வராத உத்தரவைச் சொல்லி ஆசை காட்டக் கூடாது என்று பேசாமல் இருந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆய்வக வாசலில் ஒரு பெரியவர், இரண்டு பாட்டில் தண்ணீரோடு. “டீச்சரம்மா இல்லியா?” என்றார். நான் பரிசோதித்துத் தருகிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அவங்க எப்ப வருவாங்க?”

“தெரியலீங்க.”

“அப்பம் நான் பெறகு வாரேன்.” பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் 18, புதன்

உத்தரவு வந்துவிட்டது! இருபத்தெட்டு மணி நேரம் ஏற்கப்பட்டது. கௌரவ விரிவுரையாளர் ஒருவரை அமர்த்திக்கொள்ள அனுமதி. உடனே ஜெசிந்தா மேடத்துக்குப் போன் செய்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பக்கம் பிள்ளைகள் இரைச்சல். பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம்.

“இதை எப்ப எழுதி அனுப்புனீங்க?”

“ஆகஸ்ட் பன்னெண்டு.”

“ஏன் சார் எங்கிட்ட சொல்லல?”

“ஆச்சரியமா இருக்கட்டும்னு...”

“ஆச்சரியமாத்தான் இருக்கு. பதினெட்டு நாள் எம்மூஞ்சைப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க. நான் அங்க வீட்டைக் காலி பண்ணிட்டு, அம்மாவைக் கூட்டிட்டு, இங்க வந்து பால் காச்சிட்டேன். ஒரு வார்த்தை கேட்டுட்டு செஞ்சிருக்கலாம்லா? என் வேலைதானே அது?”

நன்றி சொல்வார் என்று நினைத்திருந்தேன். போனை வைத்த பிறகும் காதோரம் சூடாக இருந்தது. அவர் கேட்டது சரி. அவருக்கே தெரியாமல் அவரைக் காப்பாற்றி, கடைசியில் கைதட்டல் வாங்கலாம் என்று நினைத்தவன் நான். பூங்கோதையிடம் சொன்னேன். “கையேட்டுல இதைச் சேத்துக்கோ” என்றாள்.

சேர்த்துக்கொண்டேன். ‘ஒருவருக்காக ஏதேனும் செய்ய நினைத்தால், முதலில் அவரிடம் கேட்கவும்.’ இருபத்து நான்காம் பக்கம்.

அட்டையிலும் ஒரு மாற்றம். ‘அனுபவத்தில் அறியப்பட்டுள்ளது’ என்று வரும் இடங்களைத் தேடினேன். முப்பத்தொன்று. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அட்டையில் ‘சொன்னவர்: முனைவர் ம. ஜெசிந்தா. எழுதிக்கொண்டவர்: அ. அறவாழி’ என்று போட்டேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

அவரே அழைத்தார். அம்மாவுக்கு நாகர்கோவில் வீட்டில் குளியலறை பிடிக்கவில்லையாம். பள்ளியில் பிரார்த்தனைக் கூட்டம் நாற்பது நிமிடமாம்.

“திங்கக்கிழமை வாரேன் சார். ஆனா ஒண்ணு. நான் மத்தவங்க மாதிரி சேருவேன். கடிதம் எழுதிக் கொடுப்பேன், தலைவர் கை குலுக்கணும்.”

“நிச்சயமா மேடம்.”

“காலையில ஒன்பது மணி முதலாண்டு வகுப்பு இனிமே உங்களுக்கு.”

அது ரொம்பத் தூங்கும் வகுப்பு. ஒப்புக்கொண்டேன்.

செப்டம்பர் 23, திங்கள்

சேர்ந்தார். பிரம்மநாயகம் கை குலுக்கினார். என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை, பதினோரு வருடம் எதிரில் பார்த்தவரிடம், “சௌக்கியமா?” என்றார். பதினொன்றரைக்குப் பழைய பெரியவர் அதே இரண்டு பாட்டிலோடு வந்துவிட்டார். எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 25, புதன்

மதிப்பீட்டுக் குழு வந்தது. மூன்று பேர். தலைவர் மைசூர்ப் பக்கத்துப் பேராசிரியை. கொஞ்சம் தமிழ் பேசினார். வரவேற்பறையில் எங்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். ஜெசிந்தா மேடத்திடம் வந்தார்.

“இங்கே எவ்வளவு காலம் சர்வீஸ்?”

மேடம் எழுந்து நின்றார். “இன்னையோட மூணு நாள், மேடம்.”

உத்தரவின்படி அதுதான் உண்மை. பேராசிரியை கனிவாகத் தலையசைத்து என் பக்கம் திரும்பினார். “நீங்க?”

“மூணரை மாசம்.”

“ஓ, அப்போ நீங்க சீனியர். புதுசா வந்தவங்களை நல்லா கைட் பண்றீங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெசிந்தா மேடம், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், “ரொம்ப நல்லா கைட் பண்ணுதாங்க மேடம்” என்றார். பின்னால் இசக்கியம்மாள் இருமத் தொடங்கி, வெளியே போய்விட்டார்.

சிரித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். பிரம்மநாயகம் என்னை அப்படித்தான் பார்த்தார். ஆனால் பேராசிரியை அதைக் குறிப்பேட்டில் எழுத ஆரம்பித்துவிட்டார். அந்தப் பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

“மேடம், மூணு நாள் இல்ல. இது பன்னெண்டாவது வருஷம். ஒவ்வொரு வருஷமும் புதுசா உத்தரவு போடறதால அப்படித் தெரியுது. நீங்க கையில வெச்சிருக்கிற கையேடு முழுக்க இவங்க எனக்குச் சொல்லித் தந்தது. நான் எழுதினது முதல் அத்தியாயம் மட்டும்தான். அதைப் படிக்க வேண்டாம்.”

பேராசிரியை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கையேட்டை மூடிவிட்டு, “லேப் எங்கே இருக்கு?” என்று ஜெசிந்தா மேடத்திடம் கேட்டார். பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருந்த இடத்தில் ஒன்றேகால் மணி நேரம் இருந்தார். சாப்பாடு ஆறிப் போனது. வெளியே வரும்போது அவருடைய சொந்த ஊர்க் கிணற்றைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

புறப்படும்போது பிரம்மநாயகத்திடம் இரண்டு கேள்வி. காலியாக இருக்கும் இன்னொரு பணியிடத்துக்கு எப்போது விளம்பரம்? பரிசீலனையில் இருக்கிறது என்றார் இவர். வாசலில் உள்ள ஆசிரியர் பெயர்ப்பலகையில் இந்த அம்மா பெயர் ஏன் இல்லை? பெயிண்டர் வரவில்லை என்றார்.

கார் போன பிறகு பிரம்மநாயகம் என் பக்கம் வந்தார். தகுதிகாண் அறிக்கை கண்முன் வந்து போனது.

“முதல் அத்தியாயம் அவ்வளவு மோசமா?” என்றார்.

செப்டம்பர் 27, வெள்ளி

பெயிண்டர் வந்துவிட்டார். வகுப்பு முடிந்து வரும்போது வாசலில் சிறு கூட்டம். ஏணியில் அவர், கீழே இசக்கியம்மாள் உத்தரவு நகலோடு. முத்துச்செல்வியும் தோழிகளும் நின்றிருந்தார்கள். ‘முனைவர் ம. ஜெசிந்தா’ என்று எழுதி முடித்திருந்தார். இனி எழுத வேண்டிய என் பெயருக்கு மேலே. இட ஒதுக்கீடு யார் முடிவென்று தெரியவில்லை, எனக்கு ஆட்சேபம் இல்லை.

“கீழ பதவி என்னன்னு போட?” என்று பெயிண்டர் கேட்டார்.

இசக்கியம்மாள் தாளைப் பார்த்தார். “கௌரவ விரிவுரையாளர், அடைப்புக்குறிக்குள்ள தற்காலிகம்னு இருக்கு. போர்டுல தற்காலிகம்னு எப்படிவே எழுத? பெயிண்ட் போகாதுல்லா?”

எல்லோரும் ஜெசிந்தா மேடத்தைப் பார்த்தார்கள். அவர் தலையைச் சாய்த்துப் பலகையைப் பார்த்தார்.

“இப்போதைக்கு பேரு போதும்ணே. கீழ ஒரு வரிக்கு மட்டும் இடம் விட்டு வைங்க.”

“அப்பம் பெறகு ஒருக்க வரணுமே நான்.”

“கூப்பிடுவேன்.”

பிரம்மநாயகம் தன் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கையில் பரிசீலனையில் இருக்கும் கோப்போ வேறு எதுவோ, ஒரு பழுப்புக் கட்டு இருந்தது.

“ஏ பெயிண்டரே, இடத்தைக் கொஞ்சம் தாராளமாவே விடும். உதவிப் பேராசிரியர்னா நீளமான வார்த்தை” என்றார்.

பெயிண்டர் நூலைப் பிடித்து அளந்து, அடுத்து வரும் என் பெயருக்கான கோட்டை இரண்டு விரல்கடை கீழே இறக்கினார்.